உறையுள் வேண்டி வருவோரும் நம் விரதமும்

பிற நாட்டிலிருந்து கல்வியின் பொருட்டோ பணியின் பொருட்டோ வந்த ஒருவர், பழமையான நம் தெருவில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்குமா என வினவுகிறார். அவர் புலால் உண்பவர். சமையற்கூடத்தையும் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டியவர். கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட சமண இல்லறத்தார் அவருக்கு யாது விடை கூறுவது? மறுப்பது அறமா, ஏற்பது அறமா?

அயலூரார்க்கு உறையுள் அளித்தல் நமக்குப் புதிதன்று. கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கழுகுமலையே அதற்குச் சான்று. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அங்கே சமணப் பெரும்பள்ளி விளங்கிற்று. திருமேனிகளின் கீழ்ப் பொறிக்கப்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்களை அவரவர் ஊர்ப்பெயரோடு உரைக்கின்றன. தெற்கே திருச்சாரணமும் திருக்கோட்டாறும், வடக்கே திருநறுங்கொண்டையும் அவற்றுள் இடம்பெறுகின்றன. துறவியர் உறைந்த இடத்திற்கு வழங்கிய 'பள்ளி' என்னும் சொல்லே பின்னர்க் கல்விக்கூடத்திற்கும் பெயராயிற்று. தங்குதலும் கற்றலும் அங்கே ஒன்றாகவே இருந்தன.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தார் ஆற்றும் கொடையைக் கூறுமிடத்து உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றோடு உறைவிடத்தையும் சேர்த்து நான்காக எண்ணுகிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. ஆயின் ஒரு தடை எழலாம். அக்கொடை விரதம் காக்கும் துறவியர்க்கு உரியது; கழுகுமலைக்கு வந்தோரும் நம் நெறியினரே. வாடகை தந்து தங்கும் புலாலுண்பாருக்கு அது எங்ஙனம் பொருந்தும்? இத்தடை நேர்மையானது. வாடகைக்கு விடுதல் தானமாகாது என்பதை நாமும் ஒப்புகிறோம். எனினும், தானமல்லாத செயலிலும் அறம் உண்டு.

இதற்கு மறுதலையான ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். 1888இல் காந்தியடிகள் இலண்டனுக்குப் புறப்படுமுன், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என அவரிடம் உறுதி பெற்றவர் பெச்சர்ஜி சுவாமி என்னும் சமணத் துறவி. அதன் பின்னரே அன்னையார் விடை கொடுத்தார். இலண்டனில் மேற்குக் கென்சிங்டன் பகுதியில் கைம்பெண் ஒருவரின் இல்லத்தில் அவர் தங்கினார். அவர் புலால் உண்ணாத விரதத்தினர் என்பதை அவ்வம்மையார் அறிந்தார். எனினும் வீட்டைவிட்டு விலக்கவில்லை. அவருடைய புதல்வியர் இருவரும் ஓரிரு ரொட்டித் துண்டுகளை மிகுதியாக இட்டனர் என்பதைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் நன்றியோடு குறித்துள்ளார். அவ்வீட்டார் தம் உணவை மாற்றவில்லை. அவரும் தம் விரதத்தை மாற்றவில்லை. விரதம் அதனை ஏற்றவரையே கட்டும் என்னும் உண்மை இங்கே விளங்குகிறது.

இன்று நம் பிள்ளைகளும் பிற நாடுகளில் பலரோடு ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்கின்றனர். அடுப்பிற்கருகே தமக்கென ஒரு தட்டும் ஒரு பாத்திரமும் தனியே கிடைத்தால் மகிழ்கின்றனர். அங்கே நாம் எதிர்பார்க்கும் பரிவை இங்கே பிறருக்கு மறுத்தல் முறையாகுமா?

அங்ஙனமாயின் எதனையும் பொறுத்துக்கொள்ளல் வேண்டுமோ எனின், அன்று. நம் கூரையின் கீழ்ப் புலால் சமைக்கலாகாது என வரம்பிடும் உரிமை நமக்கு உண்டு. அதனை முன்கூட்டியே தெளிவாக உரைத்தல் பொய்யாமையின் பாற்படும். ஆனால் வெளியே அவர் உண்பதை உசாவுதலும், கதிரவன் மறைந்தபின் உண்ணலாகாது எனக் கட்டளையிடுதலும் வரம்பு கடந்தவை. இரவுண்ணாமை நாம் ஏற்ற ஒழுக்கம், அவர் ஏற்றதன்று. அயல்நாட்டார் ஆயிற்றே என்று வாடகையை இருமடங்காக்குவதோ மிகுபொருள் விரும்பாமைக்கு முற்றும் மாறானது. வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் சட்டக் கடமையையும் மறைவின்றி நிறைவேற்றல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. இது சற்றுக் கசப்பானது. நாம் வாழும் புதியம்புத்தூர் ஆயத்த ஆடைத் தொழிலால் பெயர் பெற்றது. இத்தகைய தொழிலூர்களில் அறை தேடுவோர் பெரும்பாலும் தையற்பொறியின்முன் பகலெல்லாம் அமர்ந்து உழைப்போரே. அயல்நாட்டு ஆய்வாளர் என்றால் உணவைப் பற்றி வினவாமலே சாவியைத் தரும் கை, அயலூர்த் தையற்காரர் என்றால் 'சைவமா?' என்று வினவிக் கதவைச் சாத்துமாயின், அங்கே காக்கப்படுவது கொல்லாமை அன்று. அவ்வினாவின் உள்ளே சாதியைப் பற்றிய வினா ஒளிந்துள்ளது. கொல்லாமை உயிர்களின்மேல் வைத்த கருணை. மனிதரைத் தரம் பிரிக்கும் அளவுகோல் அன்று.

ஆகவே வரம்பு அடுப்பங்கரைக்கு இருக்கட்டும். வருகின்ற மனிதருக்கு வேண்டா. அவ்வரம்பும் செல்வர்க்கும் எளியவர்க்கும், வெள்ளையர்க்கும் நம்மவர்க்கும் ஒன்றாகவே இருக்கட்டும். வாடகைக்கு வீடு வைத்திருக்கும் சமண இல்லத்தார் ஒவ்வொருவரும், சென்ற முறை அறை கேட்டு வந்தவருக்குத் தாம் கூறிய விடையை இவ்வளவுகோலால் ஒருமுறை அளந்து பார்ப்பாராக.