கடலோடியின் வாக்கு

ஓசூருக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. கடல் மட்டத்துக்குச் சுமார் 3000 அடி மேலே இருக்கிற ஊர். இங்கே லேத் பட்டறைக்காரர் கண்ணளவை நம்ப மாட்டார். மைக்ரோமீட்டர் சொல்ல வேண்டும். இரும்புக்கு அது சரி. மனிதனுடைய வாக்கையும் கருவி வந்து சொன்ன பிறகுதான் நம்புவதா?

1826-இல் இந்து மகா சமுத்திரத்தில் 33 மீட்டர் உயர அலைகளைக் கண்டதாகப் பிரெஞ்சுக் கப்பல் தலைவர் டூமோன் துர்வில் சொன்னார். உடனிருந்த மூவர் அதற்குச் சாட்சி. ஆனாலும் அராகோ என்ற விஞ்ஞானி ஊரறியக் கேலி செய்தார். பயந்தவன் கண்ணில் அலை வளரும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் கேலி செய்தவர் கையிலும் அளவுகோல் இல்லையே!

1995 ஜனவரி 1-ஆம் தேதி, வடகடலில் டிராப்னர் என்னும் மேடையிலிருந்த லேசர் கருவி 25.6 மீட்டர் அலை ஒன்றைப் பதிவு செய்தது. அப்போது அங்கே எழுந்த அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியே சுமார் 12 மீட்டர்தான். அதற்கப்புறம் படித்தவர்கள் ராட்சச அலை உண்டென்று ஒப்புக்கொண்டார்கள். துர்வில் சொன்ன 33 இதனால் மெய்யாகிவிடாது. ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நியாயமானதல்ல என்பதே என் கட்சி.

கருவிக்குப் பயமில்லை, எனினும் தான் நிற்கிற இடத்து அலையைத்தான் அது அளக்கும். அதைவிடப் பெரியதைக் கண்டவர்கள் உண்டென்றால், அவர்களில் எத்தனை பேர் கரையேறி வந்து சொல்லியிருப்பார்கள்?