மீண்டும் தொடங்க இயலாதவை

1981-இல் ஜப்பானியரான ஷிகேரு மியாமோட்டோ வடிவமைத்த ‘டாங்கி காங்’ போன்ற விளையாட்டுகளில், தவறினால் ஓர் உயிர் போகும். தொடர இன்னோர் உயிர் இருக்கும். மனித வாழ்வு அத்தகையதன்று. இதனை உணர்த்துவதும் ஒரு கணினி விளையாட்டே என்பது வியப்பு.

டொராண்டோ நகரின் விசை கேம்ஸ் நிறுவனத்திலிருந்து அபி என்னும் தமிழர் 2023-இல் வெளியிட்டது ‘வெண்பா’. மறு ஆண்டே பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. 1988-இல் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா, தன் அன்னையின் சிதைந்த சமையற்குறிப்பேட்டைக் கொண்டு இட்லி அவிக்கிறாள். தட்டுகளைத் தவறாக அடுக்கினால் ஆவி பரவாது. மாற்றி அடுக்கி மீண்டும் அவிக்கலாம். மகன் கவின் தாயின் தமிழைவிட்டு ஆங்கிலத்திற்கு நகரும்போது அவ்வாறு மாற்றி அடுக்க இயலவில்லை. பின்னாளில் அதே ஏட்டை அவன் திறக்கிறான். எழுத்துக் கூட்டத் திணறுகிறான்.

குற்றம் யாருடையது? மகனைப் பழிப்பது எளிது. ஆனால் அந்நாட்டில் அவனுக்கோர் இடம் வேண்டுமென்றே பெற்றோர் அல்லலுற்றனர். அவ்விடத்தை அவன் அடைந்தான். அடைந்ததாலேயே அவர்களுக்கு அயலானான். பெற்றோரைப் போற்றுதல் என்றால் அவர்தம் விருப்பத்தை நிறைவேற்றுதல் என்கிறோம். நிறைவேற்றியவனே அவர்களை இழந்தால் என் செய்வது?

இதற்குக் கனடா வரை செல்ல வேண்டியதில்லை. நம் வெண்ணந்தூரில் தறியில் உழைத்துப் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பும் தந்தையர் பலர், அவனைத் தறிப்பக்கமே அண்டவிடுவதில்லை. அதுவும் அன்புதான். தந்தை நாள் முழுதும் என்ன செய்தார் என்பதை அப்பிள்ளை பின்னர் யாரிடம் கேட்டறிவான்?

விளையாட்டின் இறுதியில், தமிழகம் திரும்பிவிட்ட தாயைக் காணக் கவின் வருகிறான். அவன் தமிழ் அப்போதும் தடுமாறுகிறது.