கழற்றிப் பார்க்க விடாத பெட்டி நமக்கு வேண்டாம்

கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, புசல்லாவைப் பக்கம் தரம் 6 முதல் 9 வரை படிக்கும் தம்பி, தங்கச்சி! ரோபோ செட் என்றதும் ஏன் முகம் வாடுகிறது? “அதெல்லாம் டவுன் ஸ்கூல் பிள்ளைகளுக்கு” என்று உனக்குச் சொன்னது யார்? சொன்னவரை அங்கேயே விட்டுவிட்டு இப்படி வா.

லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டபோது அங்கே மெஷின் ஏது? பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் கொழுந்தை உருட்டினார்கள். உருட்டும் இயந்திரத்தை 1872இல் அவரே செய்துகொண்டார். துரையின் பெயர் புத்தகத்தில் ஏறியது. உழைத்த கைகளின் பெயர் ஏறவில்லை. அவை உன் வீட்டுக் கைகள்! 1925இல் கட்டிய ஹந்தானை பெக்டரி இன்று தேயிலை அருங்காட்சியகம். அங்கிருக்கும் ரோலர்களைப் பார்த்துவிட்டு வந்து, “எனக்கு மெஷின் வராது” என்று சொல், பார்க்கலாம்.

சரி, எதை வாங்குவது? கழற்ற முடிந்ததை. ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்ற முடிந்ததை. 1998இல் வந்த லெகோ மைண்ட்ஸ்டோர்ம்ஸ் அருமையான சாமான்தான். ஆனால் 2022 முடிவோடு அந்த வரிசையையே நிறுத்திவிட்டார்கள். ஒரே கம்பெனியை நம்பினால், அது கைவிரிக்கும் நாளில் நீ கைகட்டி நிற்க வேண்டியதுதான். தரம் 6, 7 என்றால் மைக்ரோபிட் என்ற சிறு பலகை போதும்: 25 சிறு விளக்கு, இரண்டு பொத்தான், அசைவை உணரும் சென்சர் எல்லாம் பலகையிலேயே உண்டு. தரம் 8, 9க்கு ஆர்டுயினோ ஊனோ. அதன் வரைபடம் ஊருக்கே திறந்தது, அதனால் மலிவான பலகைகளும் கிடைக்கும். ரெசிஸ்டர் போட மறந்து எல்ஈடி கருகுமா? கருகட்டும், பயப்படாதே! மோட்டரை மட்டும் பலகையில் நேராகக் கொடுக்காமல் நடுவில் மோட்டர் டிரைவர் சுற்று ஒன்றை வை. ஆளுக்கொன்று தேவையில்லை, நாலு பேருக்கு ஒன்று.

வாங்கியதை வைத்து எதைச் செய்வது? தரையில் போட்ட கோட்டைப் பார்த்து ஓடும் கார் எல்லாரும் செய்வது. நம் மலைக்கு வேறு வேலை இருக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி மாவட்டத்தை என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே மண்சரிவுக்கு விழித்திருக்கச் சொல்கிறது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அந்த 75ஐ உன் லயத்து வாசலில் எண்ணப்போவது யார்? நீதான்! ஒரு புனல், அதன் கீழே மாறி மாறிச் சாயும் இரட்டைக் கிண்ணம், ஒரு காந்தம், அது நெருங்கினால் மூடும் ஒரு ரீட் சுவிட்ச். கிண்ணம் சாயும் ஒவ்வொரு தடவையும் மைக்ரோபிட் ஒன்றைக் கூட்டும். ஒரு சாய்வுக்கு எவ்வளவு தண்ணீர் என்று சிரிஞ்சால் அளந்து, புனல் வாயின் பரப்பால் வகுத்தால் மழையளவு. எல்லை தாண்டினால் பஸர் அலறட்டும். (அதற்கு முன்பே அரசு எச்சரிக்கை வந்தால் பஸருக்காகக் காத்திராதே, வீட்டை விட்டு வெளியேறிவிடு.)

இந்த வாரமே நாலு பேராக சயன்ஸ் டீச்சரிடம் போங்கள். “ரோபோ செட் வாங்கித் தாங்க டீச்சர்” என்று இழுக்காதீர்கள். “மழை அளக்கப் போறோம் டீச்சர், இந்தாங்க சாமான் பட்டியல்” என்று நீட்டுங்கள்!