வண்ணச் சுவர்களும் தீராக் கடனும்

கரீபியன் கடலிலுள்ள குராசாவ் தீவின் தலைநகர் வில்லெம்ஸ்டாட். அதன் துறைமுகக் கரையில் மஞ்சளும் நீலமும் சிவப்புமாகப் பழைய மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. வெயிலில் கண் கூசுகிறது என்பதற்காகவே 1817இல் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது தடைசெய்யப்பட்டதாம். வண்ணங்கள் அதன்பின் வந்தவை. 1997இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது.

அந்த அழகை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது? 1634இல் தீவைக் கைப்பற்றிய டச்சு மேற்கிந்திய நிறுவனம், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணர்ந்த மக்களை இங்கே இறக்கி, ஸ்பானியக் குடியேற்றங்களுக்கு விற்றது. சரக்கோடு சரக்காக மனிதனும் அத்துறையில் விலைபேசப்பட்டான்.

1795 ஆகஸ்டு 17 அன்று தூலா என்னும் அடிமையின் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. சமாதானம் பேசச் சென்றவர் ஸ்கிங்க் என்ற பிரான்சிஸ்கன் சபைக் குரு. மனிதர் அனைவரும் ஆதாம் ஏவாளின் மக்கள் அல்லரோ என்று தூலா கேட்டதை அக்குருவே எழுதிவைத்துள்ளார். மறைக்கல்வியின் முதற்பாடத்தைக் குருவுக்கே நினைவூட்டிய கேள்வி அது! அக்டோபர் 3 அன்று தூலா வதைத்துக் கொல்லப்பட்டார். அடிமைமுறை ஒழிந்ததோ 1863 ஜூலை 1 அன்றுதான்.

இன்று அவ்வீடுகளின் அழகைக் கண்டு மகிழ்வது பாவமா? பாவம் வண்ணத்தில் இல்லை. சுவர்களை இடிப்பதால் இறந்தோர்க்கு நீதி கிடைத்துவிடாது. ‘முன்னோர் செய்ததற்கு நாம் எப்படிப் பொறுப்பாவோம்?’ என்பாரும் உளர். குற்றம் பரம்பரையாக வருவதில்லை, உண்மையே. ஆயினும் தந்தையின் வீட்டை ஏற்கும் மகன், அவ்வீட்டின் மேலுள்ள கடனையும் ஏற்கிறான் அல்லவா?

ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் ஆகிய மூன்றையும் திருச்சபை நம்மிடம் கேட்கிறது. அடிமை வணிகத்திற்காக நெதர்லாந்துப் பிரதமர் 2022 டிசம்பர் 19 அன்றும், அந்நாட்டு மன்னர் 2023 ஜூலை 1 அன்றும் மன்னிப்புக் கேட்டனர். அறிக்கை நிகழ்ந்துவிட்டது, அது சிறிய செயலன்று. ஆனால் பரிகாரமின்றி ஒப்புரவு முழுமை பெறுமோ? வஞ்சித்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தரச் சக்கேயு முன்வந்தபோதுதானே அவனது வீட்டிற்கு மீட்பு வந்தது!

இக்கேள்வி தொலைதூரத் துறைமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. நம் வீட்டைக் கட்டிய கொத்தனாருக்கும் சித்தாளுக்கும், சுவருக்கு வண்ணம் பூசியவருக்கும் உரிய கூலியை முழுமையாகக் கொடுத்தோமா? வீட்டைப் புனிதப்படுத்தக் குருவை அழைக்குமுன், கடன் ஏதும் எஞ்சியுள்ளதா என்று நாம் எண்ணிப் பார்ப்போம்.