கொக்கியில் தொங்கும் ரொட்டி

உணவகத்தில் உண்டு விலையைக் கொடுத்து வெளியேறுகிறவன் எவருக்கும் கடன்பட்டவன் அல்லன். உறவினர் வீட்டில் உண்டால் அந்த நன்றியை நாம் சுமந்து வருகிறோம். அவர்கள் நம் வீட்டுக்கு வரும்போது நாமும் இலை போட வேண்டும். உணவகத்திலோ பணம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுகிறது. சமைத்தவர் யார், பரிமாறுகிறவர் உண்டாரா, வாசலில் நின்று உள்ளே பார்ப்பவர் யார் என்னும் வினாக்களுக்கெல்லாம் 'விலை கொடுத்துவிட்டேன்' என்ற ஒரே விடை போதுமானதாகத் தோன்றுகிறது. உண்மையிலேயே அது போதுமா? துருக்கி நாட்டு எளிய உணவகங்களில் வழங்கும் ஒரு வழக்கம் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

துருக்கி உணவு என்றதும் செங்குத்துக் கம்பியில் சுழலும் இறைச்சியையே பலரும் நினைப்பர். அந்நாட்டு உழைப்பாளரின் உணவகம் வேறு. 'எஸ்னாஃப் லோகாந்தாசி' என்று அதற்குப் பெயர். கைவினைஞரும் சிறு கடைக்காரரும் நண்பகலில் உண்ணும் இடம். அங்கே உணவுப் பட்டியலைப் புரட்ட வேண்டியதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பருப்புச் சூப், வெள்ளைப் பீன்ஸ் குழம்பு, கொத்துக்கறி திணித்த கத்தரிக்காய், வெண்ணெய்ச் சோறு எனச் சூடாக வரிசையில் இருக்கும். விரலால் காட்டினால் தட்டில் வரும். கூடையில் வைக்கும் ரொட்டிக்குப் பெரும்பாலும் தனி விலை இல்லை. உண்டு முடித்ததும் இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் தேநீர் வரும். பல இடங்களில் அதுவும் கணக்கில் ஏறாது. 'இக்ராம்' என்பார்கள், உபசாரம் என்று பொருள். எழுந்து போகிறவர் சமைத்தவரிடம், 'எலினிசே சாலிக்' என்கிறார். உங்கள் கைகளுக்கு நலம் உண்டாகட்டும் என்பது அதன் பொருள். விலையைத் தீர்த்த பிறகும் சொல்வதற்கு ஏதோ மிச்சம் இருக்கிறது என்பதை அம்மக்கள் அறிந்திருக்கிறார்கள்.

நான் குறிப்பிட வந்த வழக்கம் இந்த மிச்சத்திலிருந்துதான் முளைக்கிறது. ரொட்டிக் கடையில் ஒருவர் இரண்டு ரொட்டிக்கு விலை கொடுத்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். மற்றது 'அஸ்கிதா எக்மெக்', அதாவது கொக்கியில் தொங்கும் ரொட்டி. பிறகு வரும் ஏழை, 'கொக்கியில் ரொட்டி உண்டா?' என்று கேட்டு, இருந்தால் பெற்றுச் செல்வார். கொடுத்தவர் யார் என அவருக்குத் தெரியாது. பெற்றவர் யார் எனக் கொடுத்தவருக்கும் தெரியாது. இன்று சில உணவகங்களிலும் இம்முறை உண்டு. ஒரு சாப்பாட்டுக்குப் பணம் கட்டிய சீட்டுகள் பலகையில் தொங்கும். இல்லாதவர் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு அமர்ந்து உண்ணலாம்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. ஒட்டோமானியர் காலத்தில் தெருவோரங்களில் 'தர்மக் கற்கள்' நாட்டப்பட்டிருந்தன. கல்லின் உச்சியிலுள்ள குழியில் ஒருவர் காசு வைப்பார். தேவையுள்ளவர் தமக்கு வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்வார். இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் அத்தகைய கற்கள் இன்றும் நிற்கின்றன. 'இமாரெத்' என்னும் அறச்சாலைகளும் இருந்தன. சுலைமான் மன்னரின் மனைவி ஹுர்ரெம் 1550களில் எருசலேமில் நிறுவியது புகழ்பெற்றது. ஆனால் அச்சாலைகளில் தகுதிக்கேற்ப வரிசையும் அளவும் இருந்தன. ஏழையின் முறை கடைசியில் வந்தது. உணவு இலவசம், இடம் மட்டும் சமமில்லை.

கிறிஸ்மஸ் காலத்தில் அரிசிப் பையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளும் நம் வழக்கத்தை எண்ணும்போது, அந்தக் கல் எனக்குப் பெரியதோர் ஆசிரியராகத் தோன்றுகிறது. எனினும் இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முகம் காணாமல் கொடுப்பது எளிது. கொடுத்தவர் அமைதியாக வீடு திரும்பலாம். அந்த மனிதர் ஏன் பசித்தார் என்று கேட்கவேண்டியதில்லை. 2022 அக்டோபரில் துருக்கியில் ஆண்டுப் பணவீக்கம் 85 விழுக்காட்டைத் தாண்டியது. நேற்றுவரை விலை கொடுத்தவர் இன்று சீட்டைத் தேடும் நிலையில், தொங்கும் ரொட்டி அந்த அநீதிக்குத் திரை போடுகிறதா?

இம்மறுப்பை எளிதில் தள்ள முடியாது. ஆனால் முகத்தைக் கண்டால் போதும் என்பதும் சரியன்று. உவமையில் வரும் செல்வன் இலாசரை அறியாதவன் அல்லன். மறு உலகில் அவனைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறான். தன் வாசலில் கிடந்தவனின் பெயர் தெரிந்திருந்தும் மேசைக்கு அழைக்கவில்லை.

இங்கே அந்த மண்ணின் மைந்தர் ஒருவரைக் கேட்கலாம். இன்று கெய்சேரி எனப்படும் நகரமே பழைய செசரியா. 4ஆம் நூற்றாண்டில் புனித பசிலியார் வாழ்ந்த ஊர். 369ஆம் ஆண்டையொட்டி அங்கே பஞ்சம் வந்தபோது, நாம் பூட்டிவைத்திருக்கும் உணவு பசித்தவனுக்கு உரியது என அவர் மறையுரையாற்றினார். அவர் கருத்தை ஏற்றால் நம் வினாவே மாறிவிடுகிறது. இரண்டாவது ரொட்டி தானம் அன்று, கடன். கடனைத் திருப்பிக் கொடுப்பவர் தம் பெயரை அறிவிக்கவேண்டியது எதற்கு? ஆனால் அதே பசிலியார் பஞ்சத்தில் வாடியவர்களைக் கூட்டி, சூப் நிறைந்த பாத்திரங்களை முன்வைத்துத் தாமே பணிவிடை செய்தார் என்று அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார் எழுதியிருக்கிறார். கடன் என்று அறிந்தவரே அருகிலும் நின்றார்.

அருகில் அமர்வதுதான் கடினம். அதற்கும் துருக்கி மண்ணே சாட்சி. இன்றைய அந்தாக்கியாதான் திருத்தூதர் காலத்து அந்தியோக்கியா. சீடர்கள் முதன்முதலாகக் கிறிஸ்தவர்கள் என அழைக்கப்பட்ட அந்நகரில்தான், பிற இனத்தாரோடு உண்டு வந்த பேதுரு, சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியிலிருந்து விலகினார். பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார். கொள்கையில் பேதுருவுக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. யார் பார்க்கிறார்கள் என்பதே அவருடைய சிக்கல். (சுவைமிக்க உணவுக்குப் பேர்பெற்ற அந்நகரின் பெரும்பகுதி 2023 பிப்ரவரி 6ஆம் நாள் நிலநடுக்கத்தில் இடிந்துபோனது.)

ஆகவே, கொக்கி ரொட்டியைவிடக் கொக்கிச் சாப்பாடே மேலானது என்பது என் எண்ணம். ரொட்டியைப் பெற்றவர் வெளியே போய்விடுகிறார். சீட்டைக் கொடுத்தவரோ உள்ளே வந்து, விலை கொடுத்தவர் அமர்ந்த அதே பலகையில் அமர்கிறார். அவர் விரல் காட்டுவதும் அதே குழம்பைத்தான். பக்கத்தில் இருப்பவர் உப்பை நகர்த்தித் தருகிறார். யார் சீட்டு, யார் காசு என்று அவருக்குத் தெரியாது. எழும்போது இருவருமே சமைத்தவரின் கைகளுக்கு நலம் கூறுகிறார்கள். இருவருக்கும் தேநீர் வருகிறது.