நோவுக்கு அளவுகோல் உண்டா?

காய்ச்சலை வெப்பமானி காட்டுகிறது; இரத்த அழுத்தத்தைக் காட்டவும் கருவி உண்டு. வலியைக் காட்டும் கருவி எது? பிறர் படும் நோவை நாம் அறிவது எங்ஙனம் என்னும் இவ்வினா, மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று, அறத்திற்கும் உரியது.

கருவியால் அளக்க முயன்றோர் உண்டு. 1940களில் அமெரிக்க ஆய்வாளர்களான ஹார்டி, உல்ஃப், குடெல் ஆகிய மூவரும், விளக்கின் வெப்பத்தை நெற்றியிற் பாய்ச்சி வலி தோன்றும் எல்லையைக் கணித்தனர். தம் நெற்றியையே சோதனைக்கு உட்படுத்தினர். 'டால்' என்ற அலகையும் வகுத்தனர். ஆயினும் அவ்வலகு நிலைபெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் பெருங்காயமுற்ற வீரர்களை ஆராய்ந்த பீச்சர் என்னும் மருத்துவர், அவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே வலிநீக்கும் மருந்தை வேண்டினர் என்று 1946இல் எழுதினார். போர்க்களத்தினின்று தப்பினோம் என்னும் ஆறுதலே நோவைத் தணித்தது என்பது அவர் கருத்து. புண்ணின் அளவு வேறு, வலியின் அளவு வேறு என்பது புலனாயிற்று.

ஆகவே ஆராய்ச்சி, நோயாளியின் சொல்லை நாடிற்று. 1975இல் கனடா நாட்டு அறிஞர் மெல்சாக், வலியைக் குறிக்கும் 78 சொற்களை 20 தொகுதிகளாக வகுத்து ஒரு வினாப்பட்டியல் அமைத்தார். வலியைப் பூச்சியம் முதல் பத்து வரையுள்ள எண்ணால் கூறச் சொல்வதும் இன்று வழக்கம். எண்ணாயினும் சொல்லாயினும், துன்புறுவோர் கூற்றே சான்று.

அங்ஙனமாயின், பேச இயலாதோர் நிலை யாது? பச்சிளங்குழந்தைக்கு நோவுணர்வு குறைவு என்றெண்ணிப் போதிய வலிநீக்கியின்றியே அறுவை செய்த காலம் உண்டு. வலிநீக்கி பெறாத குறைமாதக் குழந்தைகளின் உடலே கடுமையாக அதிர்ந்து, சிக்கல்களும் மிகுந்ததை, இந்தியாவிற் பிறந்த ஆனந்த் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1987இல் நிறுவினர். பேச இயலாமை வலியின்மைக்குச் சான்றாகாது என்பதை, அனைத்துலக வலி ஆய்வுக் கழகம் தன் வரையறைக் குறிப்பிலேயே கூறுகிறது.

பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல் என நம் மொழி நோவை நுணுக்கமாகப் பிரித்துரைக்கும். ஊரிலிருந்து வந்த முதிய தாய், முழங்காலில் குடைச்சல் என்றும் பாதத்தில் எரிச்சல் என்றும் வேறுபடுத்திக் கூறுகிறார். அருகிருக்கும் மகனோ, மருத்துவரிடம் 'தர்த்' என்னும் ஒரே இந்திச் சொல்லால் இரண்டையும் முடித்துவிடுகிறான். இரண்டிற்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம். மருத்துவர் அதனை எங்ஙனம் அறிவார்? முதியோர் சொல்வதை இறுதிவரை கேட்டு, சுருக்காமல் எடுத்துரைப்போமாக. அவர்தம் நோவுக்கு அவர் சொல்லையன்றி வேறு அளவுகோல் இல்லை.