மூச்சு முட்டும் இடத்தில்

1955-இல் தாம்லின்சன், கிரே என்னும் ஆய்வாளர்கள் இருவரும் நுரையீரல் புற்றுக்கட்டியின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். ரத்தம் ஓடும் இடத்தை ஒட்டி உயிருள்ள செல்கள்; அங்கிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப் போவதற்குள் எல்லாம் மடிந்து கிடந்தன. பிராணவாயு அவ்வளவு தூரம்தான் எட்டுகிறது. வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே, மூச்சுத் திணறியபடி ஒரு மெல்லிய வரிசை செல்கள் இருந்தாக வேண்டும் என்று அவர்கள் உய்த்துணர்ந்தார்கள். கதிர்வீச்சுக்கும் எளிதில் மசியாதவை அவை.

அவை எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? பிராணவாயு நிறைந்திருக்கையில் உடனுக்குடன் சிதைக்கப்படும் 'ஹிஃப்' என்னும் புரதம், பிராணவாயு குறைந்ததும் சிதையாமல் தங்கி, உறங்கும் மரபணுக்களை எழுப்புகிறது. செல் குளுக்கோஸை முழுதாக எரிப்பதை விட்டு நொதிக்க வைக்கிறது. முப்பது பங்கு ஆற்றல் கிடைத்த இடத்தில் இரண்டே பங்கோடு காலம் தள்ளுகிறது. புது ரத்த நாளங்களைத் தன் பக்கம் இழுக்கிறது. உணவும் அற்றுப்போனால் தன் உள்ளுறுப்புகளையே செரித்து உண்கிறது.

இவற்றில் எதையும் புற்று புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. காற்று அருகிய கருவறையில் நாம் உருப்பெற்றபோது துணைநின்றது இதே புரதம்தான். ஆறிவரும் ஒவ்வொரு புண்ணிலும் அது விழித்தெழுகிறது. வேலை முடிந்ததும் அடங்குகிறது. கட்டியில் அந்த அடக்கம் மட்டும் இல்லை. தாங்கிநிற்கும் வல்லமையையே அறமென்று போற்றிப் பழகிய நமக்கு இது கலக்கம் தரலாம். ஆயினும், எந்த முழுமையின் உறுப்பாக ஓர் உயிரணு பிழைத்திருக்கிறதோ அந்த முழுமைக்கு அது கட்டுப்பட்டிருக்கும்வரைதான் அதன் வல்லமை உயிரைக் காக்கிறது, அந்தக் கட்டு அறுந்த கணமே அதே வல்லமை தன்னைத் தாங்கும் உடலைத் தின்னத் தொடங்கிவிடுகிறது என்பதை நாம் ஏற்றாக வேண்டும்.

கட்டிக்கும் உடலுக்கும் இடையிலான இந்த உறவு சிகிச்சையிலும் நம்மை விடுவதில்லை. பிராணவாயுவைச் செல்கள் உணரும் விதத்தைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த வழியில் வந்த பெல்சுட்டிஃபான் என்னும் மாத்திரைக்கு, பரம்பரையாக வரும் வான் ஹிப்பெல்-லிண்டாவ் நோயின் கட்டிகளுக்காக 2021-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஹிஃப் குடும்பத்துப் புரதம் ஒன்றை அது முடக்குகிறது. சிவப்பணுக்களைப் பெருக்கும்படி உடலுக்குச் சொல்வதும் அதே புரதம். ஆகவே கட்டி சுருங்கும்போதே நோயாளிக்கு ரத்தசோகையும் காண்கிறது. மருத்துவர் ஹீமோகுளோபினைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் குறைக்கவோ சில நாள் நிறுத்திவைக்கவோ வேண்டியிருக்கிறது.